ஒன்பதாவது இடத்து லைசின்

வெளியிலிருந்து வரும் மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்தக் கம்பெனி அனுப்பியது என்பது சோதிப்பவருக்குத் தெரியக்கூடாது என்று அந்த ஆய்வுக்கூடத்தில் விதி. வியாழக்கிழமை காலை அண்ணியின் மேஜைக்கு வந்த டியூபின்மேல் பதினேழு என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. அன்றைக்கு அவளுக்கு இருந்த வேலைகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

அண்ணி என்பது அவள் பெயரல்ல. அவளுடைய நாத்தனாரும் எட்டு மாதம் முன்புவரை அதே கூடத்தில்தான் வேலை பார்த்தாள். அவள் வாய் ஓயாமல் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தச் சொல் கட்டடம் முழுக்க ஒட்டிக்கொண்டது. கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர், கணக்கர், வாசல் காவலாளி எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கூடத்தின் தலைவர்கூட ஒரு கூட்டத்தில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. முப்பத்து நான்கு வயதாகியும் அந்தப் பெயர் மாறவில்லை. மாற்றவேண்டிய அவசியம் வரும்படி அவளும் நடந்துகொள்ளவில்லை.

அண்ணியின் வேலை கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகளைச் சோதிப்பது. பெப்டைட் என்றால் அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சிறு சங்கிலி. பயப்பட வேண்டாம், இந்தக் கதைக்கு வேண்டிய விஞ்ஞானம் கொஞ்சம்தான். பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் சவ்வின் வெளிப்புறத்தில் எதிர்மின்னேற்றம் அதிகம். நம் உடம்பின் உயிரணுக்களுக்கு வெளிப்புறத்தில் அது அநேகமாக இல்லை. அதனால் சங்கிலியில் நேர்மின்னேற்றம் உள்ள லைசின் என்ற அமிலத்தை நாலைந்து இடத்தில் வைத்தால், அது பாக்டீரியாவைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் சுருளாக முறுக்கிக்கொண்டு, தன் எண்ணெய்ப்பசையான பக்கத்தைச் சவ்வுக்குள் நுழைக்கும். சவ்வு பொத்துப்போய், கிருமிக்குள் இருப்பதெல்லாம் ஒழுகி, கிருமி சாகும். மற்ற மருந்துக்கெல்லாம் மசியாத கிருமிகூட இதனிடம் தப்புவது கடினம். சிக்கல் எங்கே என்றால், எண்ணெய்ப்பசை கொஞ்சம் கூடினாலும் இந்தச் சங்கிலிக்குக் கிருமி எது, மனிதன் எது என்ற வித்தியாசம் தெரியாமல் போய்விடும். நம் ரத்த அணுக்களையும் சேர்த்துத் துளைத்துவிடும். கொல்கிற பெப்டைடை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். விட்டுவைக்க வேண்டியதை விட்டுவைக்கிற பெப்டைடைச் செய்வதற்குள்தான் ஆயுள் பாதி போய்விடுகிறது.

பதினேழாம் எண்ணை அண்ணி வழக்கம்போலவே சோதித்தாள். குழித்தட்டில் பன்னிரண்டு குழிகளில் கழுவிய ரத்த அணுக்களை விட்டு, பெப்டைடைக் குழிக்குக் குழி இரண்டு மடங்காகக் கூட்டிச் சேர்த்து, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு சுழற்றி எடுத்தாள். அணு உடைந்திருந்தால் மேலே நிற்கும் தண்ணீர் சிவந்திருக்கும். உடையாவிட்டால் அணுக்கள் அடியில் ஒரு சிவப்புப் பொத்தானாக உட்கார்ந்திருக்கும், மேலே தெளிவாக இருக்கும். பதினொரு குழிகளில் தெளிவாக இருந்தது. பன்னிரண்டாவதில் மட்டும் லேசாக ரோஜா நிறம். இன்னொரு தட்டில் கிருமிகள் மூன்றாவது குழியிலேயே செத்துக் கிடந்தன.

அவள் தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மறுபடி பார்த்தாள். பேருந்தில் எத்தனை சாவிக்கொத்து குலுங்கினாலும் தன் வீட்டுச் சாவியின் சத்தம் தனியாகக் கேட்குமே, அப்படி அந்தப் பன்னிரண்டாவது குழியின் ரோஜா நிறம் அவளுக்குத் தெரிந்த நிறம். உலகத்தில் அந்த நிறத்தை அந்த இடத்தில் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். ஒன்று அவள். இன்னொன்று வாலு.

இதைப் புரிந்துகொள்ள மூன்று வருடம் பின்னால் போக வேண்டும். வாலுவை அந்தக் கூடத்தில் சேர்த்துவிட்டதே அண்ணிதான். வாலு பெப்டைடுகளைக் கோக்கும் மெஷினில் வேலை பார்த்தாள். அவள் செய்து தருவதை அண்ணி சோதிப்பாள். பதினெட்டு அமிலம் கொண்ட ஒரு சங்கிலியை வாலு முதல் தடவை செய்து தந்தபோது அது கிருமியையும் கொன்றது, ரத்தத்தையும் உடைத்தது. அதே சங்கிலியை அவளே இரண்டாம் தடவை செய்து தந்தபோது கிருமி செத்தது, ரத்தம் அசையவில்லை. மூலக்கூறின் எடையைக் காட்டும் மெஷினில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் இம்மி வித்தியாசம் இல்லை. தலைவர் அண்ணியின் சோதனையில்தான் கோளாறு என்றார். பத்து நாள் அவள் திட்டு வாங்கினாள்.

ஆனால் அவள் விடுகிற ஆளில்லை. மூன்று மாதம் மல்லுக்கட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். அமினோ அமிலங்களுக்கு நம் கைகளைப்போல இடது, வலது என்று இரண்டு வடிவம் உண்டு. உடம்பு தன் புரதங்களை இடதுகை வடிவத்தால்தான் கட்டுகிறது. இரண்டுக்கும் எடை ஒன்றேதான் என்பதால் எடை மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் டிரிப்சின் என்ற நொதிக்குத் தெரியும். அது சங்கிலியில் ஒவ்வொரு லைசினுக்குப் பக்கத்திலும் வெட்டிக்கொண்டே போகும், வலதுகை லைசின் வந்தால் மட்டும் வெட்டத் தெரியாமல் தாண்டிப் போய்விடும். இரண்டாவது சங்கிலியை டிரிப்சினுக்குக் கொடுத்துத் துண்டுகளை எடை பார்த்தபோது, இரண்டாக இருக்கவேண்டிய ஒரு துண்டு வெட்டுப்படாமல் ஒன்றாகவே இருந்தது. ஒன்பதாவது இடத்து லைசின் வலதுகை லைசின். அந்த ஒன்று நடுவில் நின்று சங்கிலியை முழுச் சுருளாக முறுக்க விடாமல் தடுத்தது. அரைகுறைச் சுருளால் கிருமியின் சவ்வைத் துளைக்க முடிந்தது, நம் அணுவைத் துளைக்க முடியவில்லை.

அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டபோது வாலு அழுதுவிட்டாள். ஒன்பதாவது இடம் வரும்போது மெஷினில் லைசின் தீர்ந்துவிட்டதாம். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து கைக்கு வந்த பாட்டிலை எடுத்து அந்த ஓரிடத்துக்கு மட்டும் ஊற்றிவிட்டு, மீதிக்குப் புதுப் பாட்டிலைக் கரைத்து வைத்தாளாம். தவறான பாட்டிலை வைத்ததாக வாலுமேல் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை இருந்தது. மூன்றாவது என்றால் மெஷின் பக்கமே போக முடியாது. அந்த விதியில் தலைவர் யாருக்கும் இரங்கியதில்லை.

அன்றைக்கு அண்ணி ஒரு காரியம் செய்தாள். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் யாரும் செய்யக்கூடாத காரியம், ஆனால் நாத்தனாருக்காக ஒரு அண்ணி செய்யக்கூடிய காரியம். கூடத்தின் குறிப்பேட்டில் பாட்டில் விஷயத்தை எழுதவில்லை. இரண்டு தடவைக்கும் முடிவு மாறியதற்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதி மூடிவிட்டாள். உண்மையை வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒரு நீள நோட்டில், தேதி போட்டு, துண்டுகளின் எடையோடு எழுதினாள். அந்த நோட்டைப் பீரோவில் வீட்டுப் பத்திரங்களுக்கு அடியில் வைத்தாள். பிறகு இருவரும் சனிக்கிழமை மத்தியானங்களில், மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில், வலதுகை லைசினை வேண்டுமென்றே வைத்து அதே சங்கிலியை மூன்று முறை செய்தார்கள். மூன்று முறையும் பன்னிரண்டாவது குழியில்தான் ரோஜா நிறம் வந்தது. எல்லாம் சரியாக நிரூபணமானதும், இது நாங்களாகவே யோசித்துச் செய்தது என்று தலைவரிடம் கொண்டுபோவதாக இருவருக்கும் பேச்சு. பாட்டில் மாறிய கதையை யாரும் கேட்கப்போவதில்லை.

இந்த மாதக் கடைசியில் கொண்டுபோவதாக இருந்தாள். பதினோரு வருடமாக அவளுக்குத் தற்காலிக வேலை. வருடா வருடம் கையெழுத்து, வருடா வருடம் கெஞ்சல். இந்த முறை ஒரு நிரந்தர இடம் காலி, காப்புரிமை பதிவு செய்யும் அளவுக்கு ஏதாவது கையில் இருந்தால் உங்கள் பெயரை எழுதிவிடுகிறேன் என்று தலைவரே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். காப்புரிமை விண்ணப்பத்தின் வரைவைக்கூட அண்ணி எழுதி வைத்துவிட்டாள். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் முதலில் வாலுவின் பெயரைத்தான் போட்டிருந்தாள். பாட்டிலை மாற்றி ஊற்றியது அவள் கைதானே என்ற நியாயம் அண்ணிக்கு இருந்தது.

வாலு எட்டு மாதம் முன்பு ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை கிடைத்ததாகச் சொல்லிவிட்டுப் போனாள். பெப்டைட் என்ற பேச்சைக் கேட்டாலே அலுப்பாக இருக்கிறது, மிச்சத்தை நீங்களே முடியுங்கள் அண்ணி, என் பெயரைப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வெள்ளிக்கிழமை அண்ணி பதினேழாம் எண்ணை டிரிப்சினுக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போதே மனதுக்குள் வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வலதுகை அமிலத்தை வைத்துப் பார்க்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர், யாருக்கோ தற்செயலாக அமைந்திருக்கலாம், வாலுவைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று தன்னையே கடிந்துகொண்டாள். மத்தியானம் துண்டுகளின் எடை காகிதத்தில் அச்சாகி வந்தது. ஒவ்வொன்றும் அவள் நோட்டில் எழுதியிருந்தது அப்படியே. வெட்டுப்படாத துண்டும் அப்படியே. பதினெட்டில் ஒன்றுகூட மாறவில்லை. திருடுகிறவர்கள் அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டையாவது மாற்றுவார்கள். அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது அவளுக்கு ஒரே நிம்மதி அந்த நீள நோட்டுதான். தேதி போட்டிருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, யார் வந்தாலும் தூக்கிக் காட்டலாம். சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்தாள். பத்திரங்கள் இருந்தன. அடியில் நோட்டு இல்லை.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். எந்தச் சாமான் தொலைந்தாலும் பதறாமல் தேடி எடுப்பதில் கெட்டிக்காரர். என்ன நோட்டு, என்ன நிற அட்டை என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பச்சை அட்டை என்றாள். அவர் கட்டிலை நகர்த்தினார். புத்தக அலமாரியைக் காலி செய்து மறுபடி அடுக்கினார். பழைய பேப்பர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் இருந்த அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, தூசியில் தும்மித் தும்மி அரை மணி நேரம் தேடினார். கீழே நின்று பெட்டிகளை வாங்கி வைத்த அண்ணிக்கு அந்த நேரத்திலும் ஒரு ஆறுதல் இருந்தது. உலகத்தில் யார் கைவிட்டாலும் இந்த மனுஷன் ஒருத்தர் இருக்கிறார் என்று நினைத்தாள். இறங்கி வந்து, தலையில் ஒட்டடையோடு நின்று, நாளைக்கு வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார்.

சனிக்கிழமை காலை அண்ணி நேராக வாலுவின் வீட்டுக்குப் போனாள். நாலாவது மாடி, புதிதாகக் குடிபோன வீடு, பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. கதவைத் திறந்த வாலு முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே கூப்பிட்டு, காபி போடட்டுமா என்று கேட்டாள். அண்ணி துண்டுகளின் எடை அச்சாகியிருந்த காகிதத்தை மேஜையில் விரித்தாள். தெரியாதவர்களுக்கு அது வெறும் எண் வரிசை. வாலுவின் கண் நேராக அந்த வெட்டுப்படாத துண்டில் போய் நின்றது. சிரிப்பு போய்விட்டது.

ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி நடிப்பாள் என்றுதான் அண்ணி எதிர்பார்த்து வந்தாள். அப்படி நடித்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். வாலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்க லேபுக்கு அனுப்பாதீங்கன்னு சொல்லியிருந்தேன் அண்ணி. ஆபீஸ்ல யாரோ தெரியாம அனுப்பிட்டாங்க போல.”

கவலை அதுதான். செய்த காரியத்தைப் பற்றி அல்ல, பார்சல் தவறான வீட்டுக்குப் போனதைப் பற்றி. சோப்புக் கம்பெனியும் பொய், அலுப்பும் பொய் என்று அண்ணிக்குப் புரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கியதில் மீதியும் வந்தது. மருந்து செய்கிற சின்னக் கம்பெனி, ஐந்து மாதம் முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்தாகிவிட்டது, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரே பெயர். வாலுவுக்குக் கீழே இப்போது ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். வாலு கோபமாகப் பேசவில்லை, நியாயம் கேட்கிறவள் மாதிரிப் பேசினாள்.

“பாட்டிலை மாத்தி ஊத்தினது யாரு? நான்தானே. அந்தத் தப்பு நடக்கலைன்னா உங்க கையில என்ன இருந்திருக்கும்? ரத்தத்தை உடைக்கிற இன்னொரு பெப்டைட். அது மாதிரி அந்த லேப்ல நூறு இருக்கு.”

“நீ ஊத்தினதே உனக்குத் தெரியாதேடி. எந்த இடத்துல, ஏன் வேலை செய்யுதுன்னு மூணு மாசம் தேடினது யாரு?”

“நீங்கதான். அதை நான் எப்ப இல்லைன்னேன்? துண்டு எடையெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. அதனாலதான் அண்ணன்கிட்ட கேட்டேன். நோட்டை எடுத்துக் கொடுத்தது அவர்தான்.”

அண்ணிக்கு முதலில் காது கேட்கவில்லை. கேட்டது, உள்ளே போகவில்லை. எந்த நோட்டு என்று கேட்டாள். பச்சை அட்டை போட்டதுதான் என்றாள் வாலு. ஏழு மாதம் ஆகிறதாம். இப்போது அது கம்பெனி வக்கீலின் பெட்டியில் இருக்கிறதாம், திருப்பிக் கேட்டாலும் தரமாட்டார்களாம். உங்களுக்கு இத்தனை நாள் தெரியாது என்பது எனக்கே ஆச்சரியம், அண்ணன் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார் என்று வேறு சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் வாலுவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

விண்ணப்பத்தில் உன் பெயரை முதலில் போட்டிருந்தேன் என்று சொல்லத்தான் அண்ணி வாயெடுத்தாள். சொல்லவில்லை. அதைச் சொன்னால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். நாத்தனார் வீட்டு மேஜையில் உட்கார்ந்து அழ அவள் தயாராக இல்லை. காகிதத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு, நாலு மாடியையும் படியிலேயே இறங்கினாள்.

அங்கிருந்து கூடத்துக்குப் போனாள். சனிக்கிழமை என்பதால் ஆள் குறைவு. பதினேழாம் எண்ணின் அறிக்கைப் படிவத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். ரத்த அணு உடையத் தொடங்கிய குழி எது என்ற கட்டம் காலியாக இருந்தது. பன்னிரண்டு என்று போட வேண்டும். நான்கு என்று போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ரத்தத்தை உடைக்கிற பெப்டைட் என்று கம்பெனி அலறிப்போகும். மறுபடி சோதிப்பார்கள், காலம் போகும், வாலுவின்மேல் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கையில் ஓட்டை விழும். பதினோரு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை என்பதால் அவள் எழுதுவதை யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். நான்கு என்று அடித்தாள். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. பழி வாங்குவது நன்றாக இருக்காது என்று யார் சொன்னது.

பிறகு அழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று போட்டாள். பெரிய மனது ஒன்றும் இல்லை. அவள் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது அந்தப் பதினெட்டு அமிலம் ஒன்றுதான். அது கெட்டது என்று தன் கையாலேயே எழுத அவளால் முடியவில்லை.

படிவத்தின் அடியில் இன்னொரு கேள்வி உண்டு. மாதிரியை அனுப்பியவர்களோடு சோதிப்பவருக்கு ஏதாவது தொடர்பு உண்டா. இத்தனை வருடமும் படிக்காமலே இல்லை என்று போட்டுவந்த கேள்வி. அண்ணி உண்டு என்று போட்டாள். விவரம் என்ற கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். அனுப்பியவர் என் கணவரின் தங்கை. இது நாங்கள் இருவரும் இந்தக் கூடத்தில் செய்தது. ஒன்பதாவது இடத்தில் வலதுகை லைசின் வந்தது பாட்டில் மாறியதால். அதை மறைத்தது நான். எழுதியதை அச்சடித்து, தலைவரின் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தலைவர் இரண்டு முறை படித்தார். கூடத்துக் குறிப்பேட்டை வரவழைத்து, மூன்று வருடம் முந்தைய பக்கத்தைப் பார்த்தார். காரணம் தெரியவில்லை என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. தேதி போட்ட காகிதம் வேறு எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது என்றாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம்.

“ரெண்டு பேரும் சேர்ந்து மறைச்சீங்க. ஒருத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இப்ப நான் போய் எந்த முகத்தோட அவங்களைக் கேக்கறது, சொல்லுங்க?”

அந்த நிரந்தர இடத்துக்கு அவள் பெயரை எழுத முடியாது என்றார். இந்த வருடக் கையெழுத்து முடியும்வரை இருக்கலாம், அதற்குப் பிறகு என்ன என்று இப்போது சொல்ல முடியாது என்றார். சோதனை அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு, டியூபை வேறு ஒரு சோதனையாளரிடம் ஒப்படைக்கச் சொன்னார். அண்ணி பதினேழாம் எண்ணை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து அறையில் கொடுத்துவிட்டு, வாங்கியவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

சாயந்திரம் வீடு திரும்பியபோது அவள் வீட்டுக்காரர் முன்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாலு ஃபோன் செய்திருந்தாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவள் உட்காருவதற்கு முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார். அப்பா அம்மா போனபோது வாலுவுக்கு ஒன்பது வயது. அவர் படிப்பை விட்டுவிட்டு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்ததும், அவள் படிப்புக்காகவே ஓடியதும், அண்ணிக்குத் தெரியாத கதையா? எல்லாம் தெரிந்த கதைதான். இத்தனை வருடமும் அந்தக் கதைக்காகத்தான் அவள் அவரை இரண்டு மடங்கு மதித்தாள். உன்னிடம் கேட்டிருந்தால் நீ ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய், அதனால்தான் கேட்கவில்லை என்றார்.

“அவளுக்கு இது ஒண்ணுதான் வாய்ச்சுது. நீ அப்படி இல்லையே. உன் மூளைக்கு இன்னொண்ணு கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமா?”

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அறுக்கிறவர்கள் அதை இவ்வளவு பிரியமாகச் செய்வார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேலை போகிறது, கண்டுபிடிப்பு போய்விட்டது, பெயர் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அவர் முன்னால் கொட்டலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். இப்போது அதில் எதையும் கேட்கத் தோன்றவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

“நேத்து எதுக்குத் தேடினீங்க?”

அவர் தன்னையே கேட்டுப்பார்க்கிறவர் மாதிரி யோசித்தார். மழுப்பவில்லை.

“நீ பாவம், அப்படிப் பதறிப் பதறித் தேடிட்டு இருக்கே. நான் மட்டும் எப்படி சும்மா உக்காந்திருக்கிறது?”

கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு மனசாரப் பேசி அவள் கேட்டதில்லை. அண்ணி கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே வாசலுக்கு வந்து, தன் அக்காவுக்கு ஃபோன் போட்டு, இன்றைக்கு அங்கே வந்து தங்கலாமா என்று கேட்டாள்.